சாதாரணக் கல்லூரியிலிருந்து இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் இன்டர்ன்ஷிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயரைச் சொன்னதுமே இன்டர்வியூவுக்குக் கூப்பிடும் கல்லூரிகளை இந்தியாவில் விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற கல்லூரிகளில், குறிப்பாகத் தமிழ்நாட்டின் கலை அறிவியல், பொறியியல், எம்.பி.ஏ. கல்லூரிகளில் படித்துக்கொண்டு மும்பைப் பக்கம் பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

"இன்வெஸ்ட்மென்ட் பேங்க்" என்று போர்டு போட்ட எல்லா ஆபீஸிலும் ஒரே வேலைதானா?

இல்லை. முதலில் இது தெளிவாகட்டும். ஒரு கம்பெனியை விற்கவோ வாங்கவோ இன்னொன்றோடு இணைக்கவோ உதவுவது, பங்கு வெளியிட்டோ கடன் வாங்கியோ பணம் திரட்டித் தருவது, அதற்குக் கட்டணம் வாங்குவது. இதுதான் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங். இந்த வேலை இந்தியாவில் பெரும்பாலும் மும்பையில் நடக்கிறது: பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் (பிகேசி), லோயர் பரேல், நரிமன் பாயின்ட். பெங்களூரிலும் டெல்லி பக்கத்திலும் கொஞ்சம். சென்னையில் மிகக் கொஞ்சம்.

சென்னை, பெங்களூர், ஐதராபாத்தில் வெளிநாட்டு வங்கிகளின் பெயரோடு நிற்கும் பெரிய கட்டடங்களில் பாதிக்கு மேல் நடப்பது செட்டில்மென்ட், கணக்கு ஒத்துப்பார்த்தல், கேஒய்சி, சாஃப்ட்வேர். நல்ல வேலைதான், சம்பளமும் உண்டு. ஆனால் "இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் ஆபரேஷன்ஸ்" என்ற பதவியில் மூன்று வருடம் இருந்துவிட்டு டீல் பக்கம் போவது, வெளியிலிருந்து நேராக வருவதைவிடக் கஷ்டம்.

இரண்டுக்கும் நடுவில் கேபிஓ என்று ஒன்று, வெளிநாட்டு நிறுவனங்களின் ஆய்வு வேலையை இங்கிருந்தே செய்து கொடுப்பவை: கிரிசில், அக்யூட்டி, எவல்யூசர்வ், ட்ரெஸ்விஸ்டா போன்றவை. லண்டன், நியூயார்க் பேங்கர்களுக்கு மாடலும் (கம்பெனியின் வருங்காலக் கணக்கையும் மதிப்பையும் கணிக்கும் எக்செல் ஷீட்) பிட்ச் பக்கங்களும் (கிளையன்டிடம் காட்டும் விளக்கப் பக்கங்கள்) இங்கிருந்து போகின்றன.

எது எது என்று கண்டுபிடிக்க இன்டர்வியூவில் ஒரு கேள்வி போதும்: "நான் செய்து முடிக்கும் ஃபைல் அடுத்து யார் கைக்குப் போகும்?" கிளையன்ட் கைக்கு என்றால் ஃபிரன்ட் ஆபீஸ், அதாவது டீல் நடக்கும் இடம். வேறு ஊரில் இருக்கும் இன்னொரு டீமுக்கு என்றால் கேபிஓ. "ஃபைல் என்று எதுவும் இல்லை, ஒரு சிஸ்டத்தில் என்ட்ரி போடுவீர்கள்" என்றால் ஆபரேஷன்ஸ்.

பெரிய வங்கிகளின் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பித்தால் என்ன?

விண்ணப்பியுங்கள். பத்து நிமிடம் செலவழித்துவிட்டு மறந்துவிடுங்கள். இந்தியாவில் பெரிய வங்கியின் டீல் டீமுக்கு வருடத்துக்குச் சில இடங்கள்தான். அவற்றை அகமதாபாத், பெங்களூர், கொல்கத்தா ஐஐஎம்களின் சம்மர் ப்ளேஸ்மென்டிலும், ரேங்க் எடுத்த சி.ஏ.க்களிடமும், மும்பை, டெல்லியின் ஓரிரு இளநிலைக் கல்லூரிகளிலும் நிரப்பிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான பயோடேட்டாவை வடிகட்டக் கல்லூரிப் பெயர்தான் செலவில்லாத சல்லடை. அதில் உங்கள் பெயர் விழாமல் போவதற்கும் உங்கள் திறமைக்கும் சம்பந்தமில்லை. அந்தச் சல்லடையே இல்லாத இடத்துக்குப் போவதுதான் வழி.

அப்படிப்பட்ட இடம் எங்கே இருக்கிறது?

ஐந்திலிருந்து முப்பது பேர் வரை வேலை செய்யும் சின்ன நிறுவனங்களில். அங்கே ஹெச்ஆர் என்று தனியாக ஆள் இருப்பது அரிது. வேலை குவிந்தால் பார்ட்னரோ வைஸ் பிரெசிடென்ட்டோ தானே இன்டர்னைப் பிடிக்கிறார்.

இவர்களைக் கண்டுபிடிக்க முதல் வழி பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் இணையதளம். பங்கு வெளியீடுகளை நடத்தித் தரப் பதிவுபெற்ற மெர்ச்சன்ட் பேங்கர்களின் பட்டியல் முகவரியோடு அங்கே இருக்கிறது, இலவசம். இருநூறுக்கும் மேல். அதில் பெரிய வங்கிகளை அடித்துவிட்டால் மிச்சம் இருப்பவைதான் உங்கள் பட்டியல். கம்பெனி விற்பனை ஆலோசனை மட்டும் செய்யும் பூட்டிக்குகள் (சின்ன ஆலோசனை நிறுவனங்கள்) பல இந்தப் பதிவை எடுப்பதில்லை. அவற்றை, கம்பெனி விற்பனை பற்றிய செய்திகளின் கடைசிப் பத்தியில் "நிதி ஆலோசகர்" என்று வரும் பெயர்களிலிருந்து பிடிக்கவேண்டும்.

பலர் எட்டிப் பார்க்காத மூலை எஸ்எம்இ ஐபிஓ, அதாவது சிறு, நடுத்தரக் கம்பெனிகளின் முதல் பங்கு வெளியீடு. தேசியப் பங்குச் சந்தையின் எமெர்ஜ், மும்பைச் சந்தையின் எஸ்எம்இ தளம் இரண்டும் 2012இல் தொடங்கியவை. வெளியீட்டுக்குப் பிறகு செலுத்தப்பட்ட மூலதனம் ரூ.25 கோடிக்கு மேல் போகாத கம்பெனிகளுக்கானவை. மும்பை, அகமதாபாத், கொல்கத்தா, டெல்லியில் இருக்கும் சின்ன மெர்ச்சன்ட் பேங்கர்கள்தான் இவற்றுக்கு லீட் மேனேஜர், வெளியீட்டை முன்னின்று நடத்துபவர்கள். நான்கைந்து பேர் டீம் முந்நூறு பக்க ஆவணம் தயாரிக்கவேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரத் தாள் வேண்டும். அங்கே கைகள் எப்போதும் பற்றாது.

ஒரு எச்சரிக்கை: இந்த உலகில் தரம் ஏறுக்குமாறு. சேருமுன் செபி இணையதளத்தின் உத்தரவுகள் பகுதியில் அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். தடை உத்தரவு வாங்கிய பெயர் உங்கள் பயோடேட்டாவில் இருப்பதைவிட இடம் காலியாக இருப்பது மேல்.

ஒரு நிறுவனம் உருப்படியாக வேலை செய்கிறதா என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்?

அவர்கள் நடத்திய ஏதாவது ஒரு ஐபிஓவின் ஆஃபர் ஆவணத்தை (முதலீட்டாளர்களுக்காக வெளியிடும் விவர அறிக்கை) திறங்கள். லீட் மேனேஜர் இதற்கு முன் கையாண்ட வெளியீடுகளின் அட்டவணை பின்பகுதியில் இருக்கும்: வெளியீட்டு விலை, பட்டியலிட்ட நாளின் விலை, 30, 90, 180ஆம் நாளில் எவ்வளவு ஏறியது இறங்கியது என்று. விளம்பரப் பேச்சு எதுவும் இந்த அட்டவணைக்கு முன் நிற்காது. அதே ஆவணத்தின் "பொதுத் தகவல்" அத்தியாயத்தில் தொடர்பு நபரின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும்.

எப்போது தொடங்கவேண்டும்?

கல்லூரிக் காலண்டரையும் டீல் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பூட்டிக்குகள் கேட்பது மூன்றிலிருந்து ஆறு மாதம், முழு நேரம், மும்பையில். உங்கள் மே மாத விடுமுறை ஆறு வாரம். செமஸ்டர் நடுவில் போனால் 75 சதவீத அட்டென்டன்ஸ் இடிக்கும், தேர்வு எழுத விடமாட்டார்கள். ஆகவே இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஊரிலேயே ஒரு ஆடிட்டர் ஆபீஸில் உட்காருங்கள். வங்கிக் கடனுக்கான ப்ராஜெக்ட் ரிப்போர்ட், சிஎம்ஏ டேட்டா (கடன் தருமுன் வங்கி கேட்கும் கணக்கு அட்டவணைகள்) தயாரிக்கும் ஆபீஸாக இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து வருடக் கணிப்பும் கடன் தவணை அட்டவணையும் அங்கே அன்றாடச் சோறு.

முக்கியமான ஜன்னல் கடைசி செமஸ்டர் தேர்வு முடிந்தபின் வரும் ஆறு மாதம். இது டீல் காலண்டரோடும் ஒத்துப்போகிறது. ஐபிஓ ஆவணத்தில் போடும் தணிக்கை செய்த கணக்கு ஆறு மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது. மார்ச் கணக்கை வைத்துத் தாக்கல் செய்ய நினைப்பவர்களுக்கு செப்டம்பர் 30 கெடு. அதனால் ஜூலை தொடங்கி செப்டம்பர் கடைசி வரை மெர்ச்சன்ட் பேங்கிங் ஆபீஸ்களில் விளக்கு அணையாது. மே, ஜூனில் சேர்ந்தவருக்கு அந்த நேரத்தில் உண்மையான வேலை கைக்கு வரும். அதற்கான மின்னஞ்சல் பிப்ரவரி, மார்ச்சிலேயே போயிருக்கவேண்டும். செப்டம்பர் கடைசி வாரத்தில் அனுப்பினால் யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

எந்த கோர்ஸ் சேரலாம்? சி.எஃப்.ஏ. வேண்டுமா?

அக்கவுன்ட்ஸ் தெரியவில்லை என்றால் எந்த கோர்ஸும் காப்பாற்றாது. பொறியியல் மாணவர்கள் பலர் மதிப்பீட்டு மாடலில் நேரே குதித்து, டெஃபர்டு டாக்ஸ் (கம்பெனிக் கணக்கும் வரிக் கணக்கும் வேறுபடுவதால் பின்னுக்குத் தள்ளிப்போகும் வரி) என்றதும் நின்றுவிடுகிறார்கள். ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்து, லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், கேஷ் ஃப்ளோ மூன்றும் எங்கெங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகு மாடலிங் தானாக வரும்.

செபி நிறுவிய கல்வி அமைப்பான என்ஐஎஸ்எம் நடத்தும் ஒன்பதாம் வரிசைத் தேர்வு மெர்ச்சன்ட் பேங்கிங் பற்றியது. செலவு குறைவு, மூன்று வருடம் செல்லும். எஸ்எம்இ மெர்ச்சன்ட் பேங்கருக்கு எழுதும்போது இந்த ஒரு வரி பயோடேட்டாவில் இருந்தால், பங்கு வெளியீட்டுக்கான செபியின் ஐசிடிஆர் விதி என்றால் என்னவென்று இவருக்குத் தெரியும் என்ற அர்த்தம் கிடைத்துவிடும். சி.எஃப்.ஏ. (நிதித் துறைக்கான சர்வதேசத் தகுதித் தேர்வு) முதல் நிலையைப் பட்டம் முடிக்க 23 மாதம் இருக்கும்போதிலிருந்தே எழுதலாம். பாஸ் ஆனால் உதவும். ஆனால் கட்டணம் கனமானது. வீட்டில் கடன் வாங்கிக் கட்டவேண்டிய நிலை என்றால் இன்டர்ன்ஷிப்புக்காக மட்டும் அதைச் செய்யவேண்டாம். "100 சதவீத ப்ளேஸ்மென்ட்" என்று லட்சம் ரூபாய் கேட்கும் மாடலிங் வகுப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அனுபவமே இல்லாமல் எதைக் காட்டுவது?

ஒரு டீலைப் பிரித்துப் போட்டு எழுதிய இரண்டு பக்கக் குறிப்பும், அதற்குப் பின்னால் ஒரு எக்செல் ஷீட்டும். கல்லூரிப் பெயருக்குப் பதிலாக நீங்கள் வைக்கக்கூடியது இதுதான். சான்றிதழ் பத்து இருந்தாலும் இது ஒன்று தரும் நம்பிக்கையைத் தராது.

நம் ஊர் டீல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: அல்ட்ராடெக், இந்தியா சிமென்ட்ஸை வாங்கியது. 2024 ஜூனில் அல்ட்ராடெக் சுமார் 23 சதவீதப் பங்கை, ஒன்று ரூ.267 வரையிலான விலையில் வாங்கியது. ஜூலை 28 அன்று புரமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருந்தவர்கள்) தரப்பிடம் இருந்து 32.72 சதவீதத்தை ரூ.390 விலையில் வாங்க முடிவெடுத்து, கூடவே பொதுப் பங்குதாரர்களிடம் 26 சதவீதத்துக்கு ஓப்பன் ஆஃபர் (அவர்கள் பங்கையும் வாங்கிக்கொள்ளும் அழைப்பு) அறிவித்தது. டிசம்பரில் டீல் முடிந்தது.

செய்தியைத் திருப்பி எழுதினால் அது குறிப்பு ஆகாது. கேள்வி கேட்கவேண்டும். ஜூனில் ஏன் 23 சதவீதத்தோடு நின்றார்கள்? செபியின் 2011 கையகப்படுத்தல் விதிப்படி 25 சதவீதத்தைத் தொட்டால் ஓப்பன் ஆஃபர் கட்டாயம். 23இல் அந்தக் கடமை வராது. ஜூலையில் ஏன் வந்தது? 23உம் 32.72உம் சேர்ந்தால் கோடு தாண்டிவிட்டது. 26 என்ற எண் எங்கிருந்து வந்தது? அந்த விதியே கேட்கும் குறைந்தபட்ச அளவு. ஒரே மாதத்தில் 267 ஏன் 390 ஆனது? முதலாவது வெறும் பங்கு, இரண்டாவது கட்டுப்பாடு. இந்த இடைவெளியைத்தான் கன்ட்ரோல் ப்ரீமியம் என்கிறார்கள்.

அடுத்து மதிப்பு. மொத்தப் பங்குகள் சுமார் 31 கோடி. 390ஆல் பெருக்கினால் ஈக்விட்டி மதிப்பு ரூ.12,000 கோடியைக் கொஞ்சம் தாண்டும். சிமென்ட் துறையில் லாபத்தைவிட டன் கணக்கில்தான் விலை பேசுவார்கள். கம்பெனியின் திறன் வருடத்துக்கு 1.445 கோடி டன். ஆக, கடனைச் சேர்க்காமலே டன்னுக்கு ரூ.8,300க்கு மேல். ஆண்டறிக்கையிலிருந்து நிகரக் கடனைக் கூட்டி உண்மையான எண்ணைப் போடுங்கள். பிறகு அண்மையில் விற்ற வேறு நான்கு சிமென்ட் கம்பெனிகளின் டன் விலையைப் பக்கத்தில் வைத்து, இது அதிகமா குறைவா, ஏன் என்று ஒரு பத்தி. சுண்ணாம்புக்கல் சுரங்கம், ஆலையின் வயது, தெற்கில் ஏற்கெனவே கூடுதலாக நிற்கும் உற்பத்தித் திறன், இவை அந்தப் பத்தியில் வரும். முழுசாகச் செய்ய ஒரு வாரம் போதும்.

இந்த டீலையே எல்லோரும் அனுப்பாதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பட்டியலிடப்பட்ட ஒரு ஸ்பின்னிங் மில், பம்ப் கம்பெனி, ஃபவுண்டரி இருக்குமே, அதை எடுங்கள். தொழிலை நேரில் பார்க்க முடிகிறவருக்கு மும்பைக்காரரிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. இன்டர்வியூவில் "காட்டன் விலை ஏறினால் எத்தனை மாதம் கழித்து மார்ஜினில் தெரியும்?" என்ற கேள்விக்கு நெட்டில் படித்தவரும் மில் வாசலில் விசாரித்தவரும் ஒரே மாதிரி பதில் சொல்லமாட்டார்கள்.

பயோடேட்டா எப்படி இருக்கவேண்டும்?

ஒரே பக்கம். நம் கல்லூரிகளில் கொடுக்கும் வார்ப்பைத் தூக்கிப் போடுங்கள். தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், தெரிந்த மொழிகள், புகைப்படம், மேலே "சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள" என்று தொடங்கும் ஆப்ஜெக்டிவ், கீழே "மேற்கண்டவை யாவும் உண்மை என்று உறுதி கூறுகிறேன்" என்ற டிக்ளரேஷன், இடம், தேதி, கையெழுத்து: எதுவும் வேண்டாம். இவற்றைப் பார்த்த உடனேயே, இந்தத் துறையில் யாரிடமும் காட்டித் திருத்தாத பயோடேட்டா என்று தெரிந்துவிடும்.

பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போடுங்கள், கேட்பார்கள். ஒவ்வொரு வரியிலும் என்ன செய்தீர்கள், எவ்வளவு என்று இருக்கட்டும். "ஆடிட் வேலையில் உதவினேன்" என்பது வரி அல்ல. "4 டெக்ஸ்டைல் யூனிட்டுகளுக்கு ரூ.12 கோடி வரையிலான டெர்ம் லோனுக்கு 5 வருடக் கணிப்பு தயாரித்தேன்" என்பது வரி. உங்கள் டீல் குறிப்புக்கும் ஒரு வரி உண்டு. எழுத்தளவு, புள்ளி, தேதி வடிவம் எல்லாம் ஒரே சீராக இருக்கிறதா என்று அச்செடுத்து அடிக்கோல் வைத்துப் பாருங்கள். மிகைப்படுத்தியதாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஆபீஸில் உங்கள் வேலையில் பாதி அதுதான்.

மின்னஞ்சலில் என்ன எழுதுவது?

ஆங்கிலத்தில் நூறு, நூற்றிருபது சொல். பொருள் வரியில் வேலை என்ன, எப்போதிலிருந்து என்பது வந்துவிடவேண்டும். உள்ளே இந்தப் பொருள் போதும்:

"மதுரையில் பி.காம். கடைசி செமஸ்டர். மே 5 முதல் அக்டோபர் வரை ஆறு மாதம் மும்பையில் முழு நேரம் இருக்க முடியும். உங்கள் டீம் சென்ற வருடம் கொண்டுவந்த பம்ப் கம்பெனி வெளியீட்டின் ஆஃபர் ஆவணத்தில், 'வெளியீட்டு விலைக்கான அடிப்படை' அத்தியாயத்தைப் படித்தேன். அதிலுள்ள ஒப்பீட்டு நிறுவனங்களை இன்றைய விலைக்குப் புதுப்பித்து, கோயம்புத்தூரின் வேறு இரண்டு நிறுவனங்களையும் சேர்த்து இரண்டு பக்கக் குறிப்பு இணைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பத்து நிமிடம் பேச முடியுமா?"

அவ்வளவுதான். "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா" என்று பொதுவாகத் தொடங்காமல் பெயர் சொல்லி எழுதுங்கள். மும்பையில் முதல் பெயர் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. அவர்களுடைய ஆவணத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் முதல் மின்னஞ்சலிலேயே அதைச் சொல்லிப் பெயர் வாங்கப் பார்க்காதீர்கள். எக்செல் ஷீட்டை இணைக்கவேண்டாம், பிடிஎஃப் மட்டும். ஷீட் கேட்டால் அனுப்பலாம். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு பிசிசி போட்டால் ஐம்பதும் வீண்.

லிங்க்டுஇன்னில் உங்கள் கல்லூரி, உங்கள் ஊர், உங்கள் பள்ளி என்று மூன்று முறை தேடுங்கள். கல்லூரி சீனியர் கிடைக்காவிட்டாலும், திருநெல்வேலியில் பள்ளி முடித்து சி.ஏ. ஆகி மும்பையில் இருப்பவர் யாராவது கிடைப்பார். முதலில் எழுதவேண்டியது அவருக்கு. அவரிடம் வேலை கேட்காதீர்கள், குறிப்பைப் படித்துத் திருத்தம் சொல்லக் கேளுங்கள்.

பதிலே வரவில்லை.

வராது. வாரத்துக்குப் பதினைந்து என்று மூன்று மாதம் அனுப்பும் திட்டத்தோடு தொடங்குங்கள். ஏழு நாள் கழித்து அதே மின்னஞ்சல் தொடரில் இரண்டு வரி நினைவூட்டல், இன்னும் பத்து நாள் கழித்து ஒன்று, அதோடு நிறுத்துங்கள். யாருக்கு, எப்போது, என்ன பதில் என்று ஒரு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது அனுப்பியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றால் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். குறிப்பிலோ முதல் இரண்டு வரியிலோ கோளாறு. நிறுத்தித் திருத்துங்கள்.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

பழைய கேள்விகளேதான். ஆனால் பதிலை மனப்பாடம் செய்தவர் இரண்டாவது துணைக் கேள்வியில் மாட்டிக்கொள்வார்.

"தேய்மானம் ரூ.10 கூடினால் மூன்று அறிக்கையும் எப்படி மாறும்?" வரி 25 சதவீதம் என்று வையுங்கள். வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், வரி 2.50 குறையும், நிகர லாபம் 7.50 குறையும். கேஷ் ஃப்ளோவில் குறைந்த 7.50இலிருந்து தொடங்கி, காசாக வெளியே போகாத 10ஐத் திரும்பக் கூட்டினால் பணம் 2.50 கூடுகிறது. பேலன்ஸ் ஷீட்டில் பணம் 2.50 மேலே, நிலையான சொத்து 10 கீழே, ஆக சொத்துப் பக்கம் 7.50 குறைவு. மறுபக்கம் சேர்த்துவைத்த லாபம் 7.50 குறைவு. சமன். துணைக் கேள்வி: "வரிக் கணக்கில் இந்தத் தேய்மானத்தை ஏற்கவில்லை என்றால்?" அப்போது இந்த வருடம் கட்டும் வரி குறையாது, கையில் பணம் கூடாது, அந்த 2.50 டெஃபர்டு டாக்ஸ் சொத்தாக நிற்கும். புரிந்து படித்தவரும் மனப்பாடம் செய்தவரும் இங்கேதான் பிரிந்துவிடுகிறார்கள்.

"பங்கு விலை 200, பங்கு 10 கோடி, கடன் 600 கோடி, கையில் பணம் 150 கோடி, மைனாரிட்டி இன்ட்ரஸ்ட் 50 கோடி. என்டர்பிரைஸ் வேல்யூ?" கடனையும் சேர்த்துக் கம்பெனி முழுவதன் மதிப்புதான் இது; மைனாரிட்டி என்பது துணை நிறுவனத்தில் வெளியாருக்கு உள்ள பங்கு. 2,000 + 600 − 150 + 50 = ரூ.2,500 கோடி. "அந்த 150 கோடியை வைத்துக் கடனை அடைத்தால்?" மாறாது. கடனும் பணமும் ஒரே அளவு குறைகின்றன. "மைனாரிட்டியை ஏன் கூட்டுகிறாய்?" எபிட்டாவில் (வட்டி, வரி, தேய்மானம் கழிக்குமுன் உள்ள லாபம்) துணை நிறுவனத்தின் முழு எபிட்டாவும் சேர்ந்திருக்கிறது. மேலே பாதியும் கீழே முழுசும் இருந்தால் மல்டிபிள் (மதிப்பை எபிட்டாவால் வகுத்த விகிதம்) பொய் சொல்லும்.

"ஏன் இந்தக் கல்லூரி?" என்றும் கேட்பார்கள். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம், குடும்பக் கஷ்டத்தை விரிக்கவும் வேண்டாம். வீட்டுப் பக்கம், கட்டணம், கிடைத்த இடம், எது உண்மையோ அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, இணைத்த குறிப்பின் பக்கம் பேச்சைத் திருப்புங்கள்.

எக்செல் தேர்வில் எங்கே சறுக்குகிறார்கள்?

பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரம் தந்து, ஐந்தாறு கம்பெனிகளின் ஒப்பீட்டு அட்டவணை போடச் சொல்வார்கள். ஃபார்முலாவில் தவறுபவர் குறைவு. எடுக்கும் எண்ணில்தான் தவறுகிறார்கள்.

ஒரு கம்பெனிக்கு ஸ்டாண்டலோன் (அந்தக் கம்பெனி மட்டும்), இன்னொன்றுக்குக் கன்சாலிடேட்டட் (துணை நிறுவனங்களையும் சேர்த்த) கணக்கை எடுப்பது முதல் தவறு. லட்சத்தில் இருக்கும் அறிக்கையைக் கோடியோடு கலப்பது அடுத்தது. இந்திய நிதியாண்டு மார்ச்சில் முடிய, வெளிநாட்டுக் கம்பெனியுடையது டிசம்பரில் முடிவதைக் கவனிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது இன்னொன்று. கடைசிப் பன்னிரண்டு மாதக் கணக்கும் பலருக்குத் தடுமாறும். 2024-25 முழு ஆண்டு விற்பனை 800 கோடி, 2025 ஏப்ரல்-செப்டம்பர் 450, 2024 ஏப்ரல்-செப்டம்பர் 380 என்றால் விடை 800 + 450 − 380 = 870 கோடி. பழைய அரையாண்டைக் கழிக்க மறந்தால் ஒன்றரை வருட விற்பனை வந்து நிற்கும்.

நுணுக்கமானது லீஸ். இன்ட் ஏஎஸ் 116 என்ற கணக்கியல் தரம் வந்த பிறகு வாடகை பெரும்பாலும் தேய்மானமாகவும் வட்டியாகவும் மாறிவிட்டது. எபிட்டா வாடகைக்கு முந்தைய எண் ஆகிவிட்டது. அதனால் லீஸ் கடன்பாட்டையும் கடனோடு சேர்க்கவேண்டும். சேர்க்காமல் விட்டால் கடை, தியேட்டர், மருத்துவமனை நடத்தும் கம்பெனிகள் எல்லாம் மலிவாகத் தெரியும்.

கையால் போட்ட எண் நீல நிறம், ஃபார்முலா கறுப்பு, வேறு ஷீட்டிலிருந்து வருவது பச்சை. ஃபார்முலாவுக்குள் எண்ணைப் புதைக்காதீர்கள். மவுஸைத் தொடாமல் வேலை செய்யப் பழகுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் முதலில் கவனிப்பது அதைத்தான்.

என் ஆங்கிலம் சுமார்தான்.

எழுத்தில் பிழை இருக்கக்கூடாது. அதில் சலுகை கிடையாது. பேச்சில் உச்சரிப்பு யாருக்கும் பொருட்டில்லை. குஜராத்தி உச்சரிப்பில் கோடிக்கணக்கில் டீல் முடிக்கும் ஊர் அது. உங்கள் குறிப்பின் டீலை மூன்று நிமிடத்தில் சொல்லி ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். இருபது முறை. கொஞ்சம் இந்தி தெரிந்தால் ஆபீஸைவிட லோக்கல் ரயிலில்தான் அதிகம் உதவும்.

ஸ்டைபெண்ட் தருவார்களா? மும்பையில் எப்படித் தங்குவது?

சில இடங்களில் நல்ல தொகை, சில இடங்களில் செலவுக்குப் பற்றாத தொகை, சில இடங்களில் ஒன்றுமே இல்லை. சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் பணம் கட்டவேண்டும் என்று சொன்னால் அது இன்டர்ன்ஷிப் இல்லை, சான்றிதழ் வியாபாரம்.

மும்பையில் பகிர்ந்து தங்கும் பி.ஜி. படுக்கைக்கே மாதம் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும், டெபாசிட் தனி. பிகேசிக்குப் போகவேண்டும் என்றால் குர்லா, செம்பூர், சயான் பக்கம் பாருங்கள். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தமிழர்கள் அதிகம், சாப்பாட்டுக்குக் கவலையில்லை. இரண்டு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள். முதல் ஸ்டைபெண்ட் சொன்ன தேதியில் வரும் என்று நம்பி வாடகையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சேர்ந்த பிறகு எதனால் வெளியே அனுப்புகிறார்கள்?

வேலை தெரியாததால் அல்ல. இரண்டு காரணங்கள்.

ஒன்று, வாய். எந்தக் கம்பெனி விற்பனைக்கு வருகிறது என்பது வெளியிடப்படாத விலை உணர்வுத் தகவல், அதாவது வெளியே வந்தால் பங்கு விலையை அசைக்கக்கூடியது. செபியின் 2015 உள்வணிகத் (இன்சைடர் டிரேடிங்) தடை விதிப்படி அந்தத் தகவல் தெரிந்தவர்கள் பெயர் பான் எண்ணோடு ஒரு பதிவேட்டில் ஏறும், இன்டர்ன் பெயர் உட்பட. அறைத்தோழரிடம் சொல்வது, மின்சார ரயிலில் ஃபோனில் பேசுவது, கோப்பைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்புவது எல்லாம் இதில் வரும். அப்பா பெயரில் இருக்கும் டீமேட்டில் நூறு பங்கு வாங்கினாலும் பிடிபடும். சேரும் முதல் நாளே உங்கள் வர்த்தகக் கணக்கு விவரத்தைச் சொல்லிவிடுங்கள். ஆப்ஷன்ஸ் டிரேடிங் செய்வதை "மார்க்கெட் ஆர்வம்" என்று பெருமையாகச் சொல்வதை இந்தத் துறையில் யாரும் ரசிப்பதில்லை.

இரண்டு, சரிபார்க்காமல் அனுப்புவது. சீனியர் பேனாவில் திருத்தம் போட்டு ஸ்கேன் செய்து அனுப்புவார். நாற்பது திருத்தத்தில் முப்பத்தெட்டு செய்திருந்தால், அடுத்த முறை நாற்பதையும் அவரே பார்க்கவேண்டும். அப்புறம் நீங்கள் எதற்கு? ஒவ்வொன்றையும் முடித்ததும் அச்செடுத்த தாளில் டிக் அடித்து, கடைசியில் கூட்டுத்தொகைகளை ஒருமுறை கால்குலேட்டரில் போட்டுவிட்டு அனுப்புங்கள்.

ஒரு அரியர் இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா?

பெரிய வங்கியில் வாசலோடு முடியும். சின்ன இடத்தில், கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அக்கவுன்ட்ஸ் தாளில் அரியர் என்றால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

ஆறு மாதம் தேடியும் கிடைக்கவில்லை என்றால்?

கேபிஓவில் சேருங்கள். அது தோல்வி இல்லை. சென்னையில் வேர்விட்ட இரெவ்னா என்ற ஆய்வு நிறுவனத்தை 2005இல் கிரிசில் வாங்கிய காலத்திலிருந்து இந்த வேலை நம் ஊரிலேயே இருக்கிறது. சேரும்போது எந்த டீம் என்று கேளுங்கள். வேல்யூவேஷன், டீல் சப்போர்ட், ஈக்விட்டி ரிசர்ச் என்றால் சரி. டேட்டா சேகரிப்பு என்றால் யோசியுங்கள். 18 மாதம் மாடல் போட்டவர் பூட்டிக்குக்கு எழுதும் மின்னஞ்சல், மாணவர் எழுதுவதைவிட வேகமாகத் திறக்கப்படுகிறது.

சி.ஏ. படிப்பவர்களுக்குத் தனி வாசல் ஒன்று உண்டு. ஆர்ட்டிகிள்ஷிப்பின் (ஆடிட்டரிடம் செய்யும் கட்டாயப் பயிற்சி) கடைசி வருடத்தில் இண்டஸ்ட்ரியல் ட்ரெய்னிங் என்று ஒரு நிறுவனத்துக்குப் போகலாம். அதற்கான விண்ணப்பக் கெடுவை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். பிரின்சிபலிடம், அதாவது பயிற்சி தரும் ஆடிட்டரிடம், மூன்று மாதம் முன்பே சொல்லவேண்டும். டாக்ஸ் ஆடிட் சீசன் நடுவில் போய்க் கேட்டால் அவர் விடமாட்டார்.